ஆறுகால் இயந்திரமும் அசனப் பண்டிகையும்

சங்கரன்கோவிலில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியால் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். தறி மோட்டார், கிணற்று மோட்டார் என்று எரிந்துபோனவைதான் என்னிடம் வரும். அப்படிப்பட்டவன் ஆறு காலில் நடக்கும் இயந்திரம் ஒன்றை வீட்டு ஷெட்டில் எதற்காகச் செய்கிறான் என்று பலரும் கேட்டார்கள். ஆசையைத் தவிர வேறு காரணம் என்னிடம் இல்லை. பள்ளி ஆசிரியையான என் மனைவி மட்டும் கேட்கவில்லை. ஷெட்டில் நின்ற தன் ஸ்கூட்டரைத் தெரு வேப்பமரத்தடிக்கு நகர்த்திவிட்டு, "இடம் போதுமா, பாருங்க" என்றாள்.

கட்டில் அளவு உடம்பு. கால்களுக்கு லாரி வைப்பர் மோட்டார்கள். நடையை இயக்கும் புரோகிராமை எழுதியவர் கடையநல்லூர் நண்பர். வளைகுடாவில் ஓர் ஆலையில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். ஞாயிறுதோறும் பஸ் ஏறி வருவார். முதலில் இரும்பில் செய்தோம்; இயந்திரத்தால் எழுந்திருக்கவே முடியவில்லை.

"இத்தனை கனத்தை வச்சுக்கிட்டு அது பாவம் என்ன செய்யும்?" என்றாள் மனைவி.

அலுமினியக் குழாய்க்கு மாறினோம். மூன்று கால் தரையில் ஊன்றியிருக்க, மற்ற மூன்றும் எழும்பி முன்னே வரும். ஷெட்டுக்குள் அப்படி மெல்ல நடந்தது.

அந்தத் தைரியத்தில்தான் அதை எங்கள் தேவாலயச் சபையின் அசனப் பண்டிகைக்குக் கொண்டுபோனோம். எல்லாரும் சேர்ந்து சமைத்து, சேர்ந்து உண்ணும் நாள் அது. கடைசிப் பந்தி நடக்கும்போதே ஆலயத் திடலைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. இயந்திரம் பாதித் திடலைக் கடந்திருக்கும், மோட்டார் காயிலின் வார்னிஷ் கருகும் வாடை வந்தது. தினமும் கடையில் முகர்கிற வாடை என்பதால் எனக்கு உடனே புரிந்துவிட்டது.

"அமத்தும் வே! புகையுது!" என்று நண்பர் கத்தினார். அதற்குள் ஒரு கால் மடங்கி, இயந்திரம் பக்கவாட்டில் சாய்ந்தது.

சிலர் சிரித்தார்கள். நான் தலை நிமிரவில்லை. பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்தவர்கள் வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

"அண்ணாச்சி, எங்கன பிடிச்சா ஒடியாது? சொல்லுங்க, தூக்குதோம்."

சப்பரத்தைத் தூக்குவதுபோல் தோளில் ஏற்றித் தெரு வழியே கொண்டுவந்தார்கள். வழியில் ஒரு தறிக்கூடத்து வாசலில் நின்ற இரண்டு பேர் என்ன ஏது என்று கேட்காமல் தோள் கொடுத்தார்கள். ஒருவர்கூடக் குத்திப் பேசவில்லை. ஷெட்டில் பதமாக இறக்கி வைத்துவிட்டு மிச்சப் பந்தியைக் கவனிக்கப் போனார்கள்.

"விட்டுரலாம்னு தோணுது" என்றேன் மனைவியிடம்.

"விடுறதுக்கா இத்தனை பேரு சுமந்துட்டு வந்தாங்க? காப்பியைக் குடிச்சிட்டு எரிஞ்சதைக் கழட்டுங்க."

மறுநாள் கடை ஷட்டரை ஒரு கையால் தூக்கியபோது பாதியில் நின்றுவிட்டேன். இவ்வளவு கனத்தை நானா தூக்குகிறேன்? மேலே சுருண்டிருக்கும் ஸ்பிரிங்தான் பாரத்தைத் தாங்குகிறது. என் இயந்திரத்தின் மோட்டார்களோ ஒவ்வொரு அடிக்கும் முழுப் பாரத்தையும் தாங்களே சுமந்து சூடேறிக்கொண்டிருந்தன. போனில் சொன்னதும் நண்பர், "அட, இது நமக்குத் தோணலியே வே! இன்னா வாரேன்" என்றார். ஞாயிறு வரை காத்திருக்கவில்லை, அன்றே வந்துவிட்டார்.

காலுக்குக் கால் ஸ்பிரிங் பொருத்தினோம். சிலது இழுவை தாங்காமல் தெறித்தது, சிலது காலை மடங்கவே விடவில்லை. சரியானவற்றைத் தேர்ந்தெடுக்க மாதக்கணக்கில் ஆனது. மோட்டார்கள் தொட்டால் கை பொறுக்கும் சூட்டோடு நின்றபோதுதான் நம்பிக்கை வந்தது.

அடுத்த வருஷ அசனத்தில் அது திடலை முழுவதும் கடந்தது. போன தடவை சுமந்தவர்கள், விழுந்தால் பிடிக்கலாம் என்று இரண்டு பக்கமும் கையை நீட்டியபடியே கூட நடந்தார்கள். இயந்திரத்தைப் பார்த்ததைவிட அந்தக் கைகளைத்தான் நான் அதிகம் பார்த்தேன். நண்பர், "அல்ஹம்துலில்லாஹ்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மனைவி அருகில் வந்து, "எல்லாம் சரி, நேராத்தான் போகுது. திரும்பத் தெரியலியே?" என்றாள்.

உண்மைதான். இப்போது ஞாயிறுகளில் அந்த வேலைதான் நடக்கிறது.