ஒரு நாளும் நோய் வராதவள்

ஒரு நாள் காலை வேலைக்குப் புறப்படும்போது சட்டைப் பொத்தானைப் பூட்ட விரல்கள் மடங்கவில்லை. முதியோர் இல்லங்களுக்குச் சமைத்து அனுப்பும் சமையலறையில் எனக்கு வேலை. காய் வெட்டி வெட்டி வந்த உளைவு என்றுதான் நினைத்தேன். அப்படியே விட்டதில் முழங்காலும் வீங்கியது.

ஊரை விட்டு வந்து நாங்கள் குடியேறிய பேர்ண் நகரில் மருத்துவர் நோயின் பெயரைச் சொன்னார்: முடக்குவாதம் (உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்கும் நோய்). முதலில் தந்த மலிவான குளிசை என் ஈரலைத்தான் பதம் பார்த்தது. யாழ்ப்பாணம் போவதாகச் சொல்லி விடுமுறை எடுத்துவிட்டு, பேர்ணுக்குப் பக்கத்தில் ஓஸ்டர்முண்டிகனில் உள்ள எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்தேன். வேலைக்குத் திரும்பிப் போனபோது ஊரில் வெயில் எப்படி என்று கேட்டார்கள். நல்ல வெயில் என்றேன்.

பிறகு உயிரியல் ஊசி (எதிர்ப்புச் சக்தியின் மூர்க்கத்தை அடக்கும், விலை கூடிய மருந்து) தொடங்கினோம். சில மாதங்களில் விரல்கள் மடங்கின. குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சந்தோஷத்தில் அழுதேன். வேலையிடத்தில் மட்டும் மூச்சு விடவில்லை. நோயாளி என்று தெரிந்தால், ஆட்களைக் குறைக்கும்போது முதலில் என்னைத்தான் அனுப்புவார்கள் என்ற பயம்.

அண்மையில் ஒரு சட்ட முன்மொழிவு வந்தது. மலிவான மருந்து உள்ள நோய்க்கு விலை கூடிய மருந்தின் செலவைக் காப்புறுதி ஏற்காது என்பது அதன் சாரம். முதலாளிமார் சங்கம் எங்கள் செஃபிடமும் (முதலாளியை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கருத்துக் கேட்டிருந்தது. அவர் கெட்ட மனிதர் அல்ல. தேநீர் இடைவேளையில் எங்களிடம் வந்து, தான் ஆதரிக்கப்போவதாகச் சொன்னார்.

"காப்புறுதிக் கட்டணம் ஏறினால் நீங்கள் சம்பளம் கூட்டிக் கேட்பீர்கள். நான் எங்கே போவேன்?" என்றவர், என் பக்கம் கை காட்டினார். "இவரைப் பாருங்கள். ஒரு நாளும் நோய் என்று நின்றதில்லை. மற்றவர்களின் ஊசிக்கு இவர் ஏன் கட்ட வேண்டும்?"

எல்லோரும் கைதட்டினார்கள். சங்கத்துக்கு எழுதும்போது என்னை உதாரணமாகக் காட்டலாமா என்று கேட்டார். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

வீட்டில் கணவர் கோபப்பட்டார்.

"நீர் வாய் திறந்து சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா வேலை போயிடும்."

"சொல்லாட்டி மருந்தெல்லோ போகப்போகுது!"

அடுத்த முறை ஊசிக்குப் போனபோது மருத்துவரிடம் கேட்டேன். "சட்டம் வந்தால் உங்களுக்கு மட்டும் விலக்குக் கேட்டுக் காப்புறுதிக்கு எழுதுவேன். கிடைக்கும் என்று வாக்குத் தர முடியாது" என்றார்.

இதே நோயோடு இதை வாசிப்பவர்களுக்கு, மறைக்காதீர்கள் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத மனம் வரவில்லை.

இப்போது கைகள் நன்றாகத்தான் இருக்கின்றன. ஆனால் அவை என்னுடையவை என்ற நம்பிக்கை போய்விட்டது. முன்பு எப்போது குணமாகும் என்று காத்திருந்தேன். இப்போது இந்தக் குணம் எதுவரைக்கும் என்று காத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சமையலறையில் இருந்த போத்தல்களை எல்லாம் திறந்து, மூடிகளை இறுக்காமல் சும்மா மேலே வைத்தேன்.

"இதென்னப்பா, ஊறுகாய்ப் போத்தலெல்லாம் திறந்து கிடக்கு?" என்றார் கணவர்.

"கிடக்கட்டும். பிறகு எனக்குத் திறக்க ஏலாது."