பூட்டி வைத்த வெளிச்சம்

எங்கள் வீட்டில் டார்ச் லைட்டுகளுக்கென்று தனி அலமாரி இருந்தது. கெலாங் பாத்தா என்ற ஊரில் இருந்த எங்கள் வீட்டின் முன்கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில். அதன் கண்ணாடிக் கதவைத் துடைப்பது அம்மாவின் வேலை, திறப்பது அப்பாவின் வேலை. அண்ணன் இடைநிலைப் பள்ளிக்குப் போனதும் அவனுக்கும் திறக்கும் உரிமை வந்தது. நான் இடைநிலைப் பள்ளிக்குப் போனால் எனக்கும் வரும் என்று நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்கவில்லை.

அப்பா மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வந்தவர். வாரம் முழுக்க வாய் திறக்காத மனிதர், சனிக்கிழமை மாலையில் வேறு ஆளாகிவிடுவார். அவரைப் போலவே டார்ச் லைட் பைத்தியம் பிடித்த நண்பர்கள் சிலர் வருவார்கள். எல்லோரும் பின்புறத் திடலுக்குப் போய், தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஆளுக்கொரு வெளிச்சத்தைப் பாய்ச்சி, எது அதிக தூரம் போகிறது, எது கண்ணுக்குக் குளிர்ச்சி என்று வாதாடுவார்கள்.

அந்த லைட்டுகளில் ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கும். ஆனால் அந்தப் பொத்தானுக்குள் ஒரு பாஷையே இருந்தது. ஒருமுறை அமுக்கினால் ஒன்று, இருமுறை அமுக்கினால் வேறொன்று, மூன்றுமுறை அமுக்கினால் பேட்டரியில் எவ்வளவு மிச்சம் என்று கண் சிமிட்டிச் சொல்லும். அமுக்கிப் பிடித்தால் வெளிச்சம் ஏறும். இன்னும் சிலமுறை தட்டினால் எதற்கும் அசையாமல் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு லைட்டுக்கும் பாஷை கொஞ்சம் மாறும். அதை மனப்பாடமாக வைத்திருப்பதில்தான் அவர்களுக்குப் பெருமை.

அமுக்கினால் எரிந்து, மறுபடி அமுக்கினால் அணைகிற சாதாரண லைட்டுக்கு அவர்கள் வைத்திருந்த பெயர் ‘பொம்பளைங்க லைட்’. அப்பா அம்மாவுக்கு அப்படி ஒன்றை ரோஸ் நிறத்தில் வாங்கிக் கொடுத்தார். அம்மா அதைச் சமையலறை ஆணியில் மாட்டிவைத்தார். வீட்டில் துணி துவைக்கும் இயந்திரத்தில் விமானத்தில் இருப்பதுபோல் பொத்தான்கள் இருந்தன. அம்மா ஊரில் இல்லாத ஒருநாள் அப்பா அதைத் தொடப்போய்க் கூடம் முழுக்க நுரையாகிவிட்டது. லைட்டுப் பொத்தானெல்லாம் தெரியுமே என்று நான் கேட்டதற்கு, “அது வேற, இது வேற” என்றார்.

ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை, அடைமழைக் காலம். சாஆ என்ற ஊரில் இருந்த அத்தை வீட்டில் குழந்தைக்குக் காது குத்து. அண்ணன் காய்ச்சலில் படுத்துவிட்டதால் அவனைப் பக்கத்து வீட்டில் சித்தியிடம் விட்டுவிட்டு நாங்கள் மூவரும் காரில் கிளம்பினோம். சாஆவை நெருங்கும்போது பெரிய சாலையில் வெள்ளம் ஏறி, வண்டிகளைத் திருப்பி விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குள் போகும் செம்மண் பாதையில் காரைத் திருப்பினார்.

“இது எனக்குத் தெரிஞ்ச ரோடு. சின்ன வயசுல சைக்கிள்ல சுத்தின எடம்.”

“பாத்துப் போங்க. மழை விடற மாதிரி தெரியல” என்றார் அம்மா.

மாலை ஏழு மணிதான் இருக்கும். ஆனால் செம்பனை மரங்களுக்குக் கீழே அதற்குள் இருட்டிவிட்டது. தாழ்வான ஓரிடத்தில் பாதையின் மேல் தண்ணீர் நின்றது. அப்பா நிதானமாகத்தான் இறக்கினார். பாதி தூரத்தில் கார் இருமியது, குலுங்கியது, நின்றது. சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முன்விளக்குகள் மங்கி, அவையும் போயின. கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் கசியத் தொடங்கியது. நான் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு காலைத் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.

அப்பா இரண்டு டார்ச் லைட் கொண்டு வந்திருந்தார். பெரியதை எடுத்துக்கொண்டு, கையடக்கமான மற்றொன்றை அம்மாவின் மடியில் வைத்தார்.

“பின்னால மேடு எவ்வளவு தூரம்னு பாத்துட்டு வரேன். இத லாக் பண்ணிருக்கேன். தெரியாம அமுக்கிட்டா சூடாகி சீட்டையே பொசுக்கிடும். யாரும் தொடாதீங்க.”

“தொடக்கூடாதுன்னா எதுக்குக் குடுக்கறீங்க?”

அப்பாவுக்கு அது கேட்கவில்லை, அல்லது கேட்காதது மாதிரி இறங்கிப் போனார்.

பின்கண்ணாடி வழியாக அவருடைய வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்குள் ஒரு வெள்ளைத் தூண் மெல்ல நகர்ந்தது. திடீரென்று அது பைத்தியம் பிடித்ததுபோல் படபடவென்று மின்னியது. பிறகு அணைந்தது. ஏதோ தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது.

“ஏங்க!” அம்மா கண்ணாடியை இறக்கப் பார்த்தார். பொத்தான் வேலை செய்யவில்லை. தோளால் கதவைத் தள்ளித் திறந்தார். தண்ணீர் உள்ளே வந்தது. “ஏங்க! எங்க இருக்கீங்க?”

அம்மா இன்னும் இரண்டு முறை கூப்பிட்டார். பிறகு அப்பாவின் குரல், நாங்கள் எதிர்பார்த்த இடத்திலிருந்து அல்ல.

“வழுக்கிடுச்சி! லைட்டு போச்சி! எந்தப் பக்கம் ரோடுன்னு தெரியல. ஒண்ணுமே தெரியலமா!”

அம்மா கைப்பேசி வெளிச்சத்தைக் காட்டினார். எதிரே விழுந்த மழைதான் வெள்ளையாகத் தெரிந்தது. அதற்கு அப்பால் எதுவும் இல்லை. அம்மா மடியிலிருந்த டார்ச் லைட்டை எடுத்து அமுக்கினார். இரண்டு முறை கண் சிமிட்டிவிட்டு அணைந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி சிமிட்டியது. நான் அழ ஆரம்பித்தேன்.

“அந்த லைட்ட எப்படிப் போடறது?” என்று அம்மா கத்தினார்.

“மூணு தடவ அமுக்கு! இல்ல, அது பெருசுக்கு. ரெண்டு தடவ அமுக்கி, மூணாவத புடிச்சிக்க! இல்லல்ல, மொதல்ல...”

“சரி, நீங்க பேசாதீங்க! நின்ன எடத்துலயே நில்லுங்க!”

அம்மா டார்ச் லைட்டை, பொத்தானின் சத்தம் கேட்கும்படி காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், இரண்டு தடவை அமுக்கினார், மூன்று தடவை, பிறகு இன்னும் வேகமாக. ஒரு மின்மினி அளவுக்கு வெளிச்சம் வந்தது. நான் “வந்துருச்சி!” என்றேன். அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. அந்த மின்மினியை அணைத்துவிடாமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு, பொத்தானை அமுக்கியபடியே இருந்தார். வெளிச்சம் ஏறியது. ஏறி ஏறிப் பகலாகியது.

அப்பா தெரிந்தார். பாதையிலேயே இல்லை. பக்கவாட்டில், இடுப்பளவுத் தண்ணீரில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவருக்கு முன்னால் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடியது. அது தோட்டத்துப் பெரிய கால்வாய். அவர் அதைத்தான் பாதை என்று நினைத்து ஒரு காலை எடுத்து வைக்கப் போனார்.

“அங்க இல்ல! அது கால்வாய்! திரும்புங்க!”

அப்பா திரும்பினார். வெளிச்சம் முகத்தில் பட்டதும் கண்களை மூடிக்கொண்டார்.

அம்மா வெளிச்சத்தை உடனே தாழ்த்தித் தண்ணீரின் மேல் படுக்கவைத்தார். பாதையோரத்துப் புல்லின் நுனிகள் வரிசையாகத் தெரிந்தன. “இந்தப் புல்லுக்கு இந்தப் பக்கமா வாங்க. வெளிச்சத்து மேலயே நடங்க. அவசரம் வேணாம்.”

அவர் நடந்தார். பாதி வழியில் வெளிச்சம் மங்கத் தொடங்கியது. சூடு அதிகமானால் அந்த லைட் தன்னைத் தானே குறைத்துக்கொள்ளும் என்பது எனக்கு அப்போது தெரியாது. பேட்டரி தீர்ந்துவிட்டது என்றே நினைத்தேன். அப்பாவும் நின்றுவிட்டார்.

“ஏன் குறைக்கற?”

“நான் ஒண்ணும் குறைக்கல. நீங்க வாங்க!”

அம்மா துப்பட்டாவை அதன்மேல் சுற்றி உள்ளங்கையில் பிடித்துக்கொண்டிருந்தார். சட்டென்று துணியை உருவி எறிந்துவிட்டு, கையை முழுவதுமாக மழையில் நீட்டினார். டார்ச் லைட்டிலிருந்து ஆவி எழுந்தது. மறுபடி அமுக்கிப் பிடித்தார். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அப்பா அதைப் பிடித்துக்கொண்டு வருவதுபோல் வந்து, கார்க் கதவைப் பற்றினார்.

அப்பா என்னைத் தூக்கிக்கொண்டார். அம்மா முன்னால் வெளிச்சம் காட்டினார். மூவரும் மேட்டுக்கு நடந்தோம். சற்று நேரத்தில் தோட்டத்து டிராக்டர் ஒன்று வந்தது. அதை ஓட்டிவந்த மலாய்க்காரர், தூரத்தில் வெளிச்சத்தைப் பார்த்து வந்ததாகச் சொன்னார். “அலமாக்! அந்த இடத்தில் போன வருடம் ஒரு மாடே போய்விட்டது” என்று மலாயில் சொல்லிவிட்டு, அம்மாவைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திக்கொண்டார்.

காது குத்து மறுநாள் நடந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு, அத்தையின் கணவர் நடந்ததையெல்லாம் கேட்டார். சுற்றிலும் உறவினர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா சொன்னார். கார் நின்றது, மழை, வழுக்கியது எல்லாம் சரியாகவே சொன்னார். லைட்டுக்கு வந்தபோது மட்டும், “நான் அங்கேருந்து சத்தம் போட்டுச் சொல்லிக் குடுத்தேன். அவ அப்படியே போட்டுட்டா” என்றார்.

“பொம்பளைங்களுக்கு அந்த மாதிரி லைட்டெல்லாம் சிரமம்தான் லா” என்றார் அத்தையின் கணவர். “நல்லவேளை, நீங்க சொல்லிக் குடுத்தீங்க.”

எனக்குக் காது சுட்டது. அம்மாவைப் பார்த்தேன். சூடு பட்ட வலது உள்ளங்கையில் அத்தை தடவிவிட்ட மஞ்சள் மருந்தோடு, அழும் குழந்தையை இடக்கையால் தட்டிக்கொண்டிருந்தார். இப்போது சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன்.

அம்மா எழுந்து போய் அந்த டார்ச் லைட்டை எடுத்து வந்தார். அப்பாவின் முன்னால் நீட்டினார்.

“இத எப்படிப் போடறதுன்னு இன்னொரு தடவ சொல்லிக் குடுங்க. நேத்து அவசரத்துல சரியாப் புரியல.”

“உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுமேமா!” என்று நான் வாய் திறந்தேன். அம்மா என் தொடையில் கிள்ளினார், வலிக்கும்படி.

அப்பா அம்மாவை வெகுநேரம் பார்த்தார். பிறகு டார்ச் லைட்டை வாங்கினார். முதல் தடவை பொத்தான் தவறியது. மறுபடி அமுக்கினார். அது கண் சிமிட்டி அணைந்தது. மூன்றாவது தடவை அம்மா தன் விரலை அவர் விரல்மேல் வைத்தார். காட்டுபவர் யார், கற்பவர் யார் என்று பார்ப்பவர்களுக்குத் தெரியாதபடி. வெளிச்சம் வந்தது. “ஓ, இப்படியா” என்றார் அம்மா.

எனக்கு இருவர் மேலும் கோபம் வந்தது. அம்மா மேல்தான் அதிகம். தன் லைட்டின் பொத்தானையே அப்பா ஏன் இரண்டு தடவை தவறவிட்டார் என்று மட்டும் ஒரு கணம் யோசித்தேன். லைட்டில் மழை ஈரம் இன்னும் போகவில்லை, வழுக்குகிறது போல என்று நினைத்துக்கொண்டு, பலகாரம் எடுக்கப் போய்விட்டேன்.