தட்டுத் தண்ணீரில் நின்ற மரம்

கிளைகளை வளைக்கச் சுற்றியிருந்த கம்பிச் சுருளைக் குறடு துண்டு துண்டாக நறுக்கியது. திருகிக் கழற்றினால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் காகிதப்பட்டை மரத்தின் தோல் ஏடு ஏடாகக் கம்பியோடு உரிந்து வந்துவிடும். அதனால் வெர்னாவின் வயதான கைகள் ஒவ்வொரு வளையமாக வெட்டி எடுத்தன. விரல்கள் மடங்க மறுத்தபோது உதறிவிட்டு மறுபடி வெட்டின.

பென்ரித்தில் தன் வீட்டுக் கொல்லையில், முழங்கை உயரத்துக்குமேல் விடாமல் வெர்னா டன்ஸ்டன் வளர்த்த மரம் அது. கோடையில் காலையும் மாலையும் தொட்டிக்கு அடியிலுள்ள தட்டில் தண்ணீர் நிரப்ப வேண்டும். அதனாலேயே அங்கே கோடையில் வரும் கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் எங்கும் போனதில்லை. இப்போது உடம்பு முடியவில்லை. நாட்டின் மறுகோடியில், பெர்த்தில் இருக்கும் மகள் வீட்டோடு போகிறாள். அந்த மாநிலத்துக்குள் வெளியிலிருந்து வரும் செடிகளை, பூச்சி பரவும் என்று, லேசில் விடமாட்டார்கள்.

மரத்தைத் தனக்குத் தரும்படி கேட்டவர், தொட்டியில் குட்டை மரம் வளர்ப்பவர்களின் போன்சாய் சங்கத்தில் ஒரே ஒருவர், லெஸ் பைக்கெட். பைன் மரங்களில் கெட்டிக்காரர். ஆனால் ஜப்பானியப் பாடத்தை நம்பி, வேர் அழுகிவிடும் என்று தட்டுத் தண்ணீரைக் கொட்டி, தன் காகிதப்பட்டை மரத்தை ஒரே கோடையில் சருகாக்கியவர்.

பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு லெஸ் வந்தார்.

"என்ன வெர்னா, மரத்துக்குக் கம்பிச் சவரம் இன்னும் முடியலியா?"

"நீ சவரம் பண்ணின மரம் இப்ப எங்க இருக்கு, சொல்லேன்?"

"ஆரம்பிச்சுட்டியா! செத்த மரத்துக்கு எத்தனை வருஷம் திட்டுவே?"

"பிளேன் ஏறுற வரைக்கும்."

அவர் குனிந்து தட்டுத் தண்ணீரை மோந்து பார்த்தார். கொட்டிவிடக் கை தானாகத் தட்டின் விளிம்புக்குப் போனது. வெர்னாவின் குறடு நின்றது.

"நாறுதே. மாத்தலாமில்ல?"

"மாத்து. காலியா மட்டும் விட்டுடாதே."

"வேர் மூச்சு விட வேணாமா?"

"சதுப்புல பொறந்த மரம், லெஸ். அதுக்குத் தெரியும்."

அவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். "எனக்கு இன்னும் நம்பிக்கை வரல. ஆனா ஊத்துவேன். காலையும் சாயங்காலமும்."

"நம்பாமலா?"

"நம்பித்தான் ஒண்ணைக் கொன்னேனே."

அதற்குமேல் அவரைச் சோதிக்க அவளுக்குத் தெம்பில்லை. கடைசி வளையத்தை வெட்டினாள். ஒட்டியிருந்த கம்பித் துணுக்கை நகத்தால் எடுத்தாள். தொட்டியின் அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கி அவரிடம் நீட்டினாள்.

"பிடிச்சுக்கோ. நல்லா பிடி."

லெஸ் வாங்கிக்கொண்டார்.