நீங்கள் நலம் விசாரித்த ஹெலன் நான்தான்

முதலில் நம் வழக்கப்படி, எனக்கு மேலே எழுதியிருக்கும் மரியதாஸ் ஐயாவை வரவேற்கிறேன். மகனுக்குச் சோறு ஊட்டி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான் இருந்தது ஐயா, கஞ்சி ஆறும், சூடு பண்ணுவேன், மறுபடி ஆறும்.

இனி என் அறிமுகம். நான் ஹெலன், பெங்களூர் லிங்கராஜபுரம், வயது ஐம்பத்தாறு, பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். ஆமாம், அதே ஹெலன்தான். சில மாதங்களுக்கு முன்பு செல்வராஜ் என்பவர் தன் மனைவியைப் பார்த்துக்கொள்வதாக இங்கே எழுதினாரே, அந்த மனைவி. நீங்கள் எல்லோரும் வரிசையாக எனக்கு நலம் விசாரித்தீர்கள், தண்ணீர்ப் படுக்கை வாங்கச் சொன்னீர்கள், ஒரு அம்மா டயப்பர் அளவுகூடக் கேட்டிருந்தார். எல்லோருக்கும் நன்றி. என்னால் நடக்க முடிகிறது. படுக்கையில் இருப்பவர் செல்வராஜ்.

எனக்கு இந்த ஆவி, அருள்வாக்கு, சொப்பனத்தில் வந்து சொன்னார் என்பதெல்லாம் எந்தக் காலத்திலும் பிடிக்காது. எங்கள் சபையில் ஒருவர் சாட்சி சொல்ல எழுந்து அந்த மாதிரி ஆரம்பித்தால் நான் பாட்டுப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுவேன். வகுப்பிலும் அப்படித்தான், விடை சரியாக இருந்தாலும் எப்படி வந்தது என்று எழுதாவிட்டால் பாதி மார்க்தான் போடுவேன். இப்போது நான் சொல்லப்போவதற்கு என்னிடம் விடையும் இல்லை, வழியும் இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் பாவம் தூக்கம் கெட்ட பொம்பளை ஏதோ உளறுகிறாள் என்று விட்டுவிடுங்கள். எனக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த வாரக் கடிதத்தை நடத்துவது பிரேசர் டவுன் நஸ்ரீன். அவள் தன் அப்பாவை ஆறு வருடம் படுக்கையில் வைத்துப் பார்த்தவள். நம்மைப்போல வீட்டில் ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள்தான் இதன் வாசகர்கள். நாம் மெயிலில் எழுதுவதை வெள்ளிக்கிழமை மாலை அவளே ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்டி, சனிக்கிழமை பதினோரு மணிக்கு அனுப்புவாள். மேலே எழுதியவரை, அதாவது முந்தின வாரக் கடிதத்தில் கடைசியாக எழுதியவரை, வரவேற்கவேண்டும், நீங்கள் யார், யாரைப் பார்த்துக்கொள்கிறீர்கள், இன்றைய நல்ல விஷயம் ஒன்று, அவ்வளவுதான். நம்மில் பாதிப் பேர் படுத்திருப்பவரின் மெயிலிலிருந்துதான் எழுதுகிறோம், ஏனென்றால் பென்ஷன், ஆஸ்பத்திரி, ஓடிபி எல்லாம் அவர் போனுக்குத்தான் வருகிறது, அந்தப் போனும் நம் கையில்தான் இருக்கிறது. நானும் என் கணவரின் மெயிலில்தான் இதில் சேர்ந்தேன். ஆனால் ஒரு தடவைகூட எழுதியதில்லை. கஞ்சி கொடுத்துக்கொண்டே மற்றவர்கள் எழுதியதைப் படிப்பேன், அதுவே போதுமாக இருந்தது.

என் கணவர் அரசாங்க அலுவலகத்தில் ஹெட் கிளார்க். ஓய்வு பெற்ற வருடமே பக்கவாதம் வந்தது. நான்கு வருடமாகப் பேச்சு இல்லை, வலது பக்கம் வராது, இடது கையில் விரல் லேசாக அசையும். ஸ்பூன்கூடப் பிடிக்க முடியாது. எவ்வளவு புரிகிறது என்று சொல்ல முடியாது, பெரிதாக எதிர்பார்க்காதீர்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் எதிர்பார்ப்பதை நிறுத்திவிட்டேன். துபாயில் இருக்கும் மகனிடம் அவர் தலைமாட்டில் நின்றுகொண்டே, "அப்பாவுக்கு ஒண்ணும் புரியாதுடா, மரக்கட்டை மாதிரி கெடக்குறாரு" என்று போனில் சொல்லியிருக்கிறேன். ஒரு தடவை அல்ல, பல தடவை.

அந்த வாரம் என் இடுப்பு முழுவதுமாக விட்டுப்போயிருந்தது. இனி ஆளைத் தூக்கினால் நீங்களும் அவர் பக்கத்தில் படுக்கவேண்டியதுதான் என்றார் எலும்பு டாக்டர். ஹென்னூர் பக்கம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் ஒரு கட்டில் காலியாகியிருந்தது. வெள்ளிக்கிழமை மதியம் வேலைக்கு வரும் கௌரம்மாவை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, நான் பஸ் பிடித்துப் போய்க் கையெழுத்துப் போட்டு வந்தேன். திங்கட்கிழமை வண்டி வரும் என்றார்கள். அவரிடம் சொல்லவில்லை. எங்கே போகிறேன் என்று கௌரம்மாவிடமும் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு ராகிக் கஞ்சி கொடுத்துக்கொண்டே கடிதத்தைத் திறந்தேன். கடைசியில் இது இருந்தது. நீங்களும் படித்ததுதான், ஆனாலும் அப்படியே தருகிறேன்.

"மேலே எழுதிய ஓசூர் ரோடு சகோதரரை வரவேற்கிறேன். உங்கள் தாயார் அடிக்கடி கூப்பிடுவது பயத்தினால். கோபிக்கவேண்டாம். நான் செல்வராஜ், லிங்கராஜபுரம். நான் பார்த்துக்கொள்வது என் மனைவி ஹெலனை. நான்கு வருடமாக அவளுக்கு முடியவில்லை. இடுப்பு வலி. மதியம் சாப்பிட மூன்று மணி ஆகிறது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள். தூக்கத்தில் வந்துட்டேன், வந்துட்டேன் என்கிறாள். என்னால் பெரிதாக உதவ முடிவதில்லை. அவள் என்னைப் புரட்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன், கனம் கொஞ்சம் குறையட்டும் என்று. திங்கட்கிழமை வண்டி வருகிறது. அவள் சொல்லவில்லை. அவளுக்குத் தூக்கம் வேண்டும். இன்றைய நல்ல விஷயம்: ஹெலன் நீலப் புடவை கட்டிக்கொண்டு வெளியே போயிருக்கிறாள். அழகாக இருந்தாள்."

ஸ்பூன் என் கையிலேயே இருந்தது. அவர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு அடுத்த வாய்க்குக் காத்திருந்தார். கடைவாயில் கஞ்சி வழிந்தது. நான் துடைக்கவில்லை, அவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அப்புறம் நஸ்ரீனுக்குப் போன் போட்டேன். நான் ஹெலன் என்று சொன்னதுமே அவள் குரல் மாறிவிட்டது.

"ஹெலன் அக்காவா? செல்வராஜ் சார் வீட்லயா? அக்கா, நீங்களே பேசுறீங்களா! நல்லா தெளிவா பேசுறீங்களே, மாஷா அல்லா!"

"நஸ்ரீன், எனக்கு ஒண்ணும் இல்லம்மா. படுத்துட்டு இருக்கறது அவருதான்."

பிறகு மெதுவாகக் கேட்டாள், "அப்ப இத யாரு எழுதுனது?"

மெயில் வந்த நேரத்தைப் பார்க்கச் சொன்னேன். வெள்ளிக்கிழமை மதியம் மூன்று பத்து, அவருடைய மெயிலிலிருந்தே வந்திருந்தது. அந்த மெயில் இருப்பது அவருடைய பழைய போனில் மட்டும். மூன்று பத்துக்கு அந்தப் போன் என் கையில் இருந்தது, இல்லத்து ஆபீஸில் அவருடைய ஆதார் படத்தை அதில்தான் காட்டிக்கொண்டிருந்தேன். கௌரம்மாவுக்குக் கன்னடத்திலேயே கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். என் மகனுக்கோ தமிழ் எழுத்து என்றால் ஜாங்கிரி பிழிந்த மாதிரி, படிக்கவே வராது. நாலு வார்த்தையில் முடிக்கிற அந்த ஆபீஸ் நடை அவருடையது, கல்யாணத்துக்கு முன்பு எனக்கு எழுதிய கடிதங்களே அப்படித்தான் இருக்கும்.

"அக்கா, தப்பா நெனக்காதீங்க. நானும் அப்பாவப் பாக்கும்போது சாவிய ஃபிரிட்ஜ்ல வெச்சிருக்கேன். அசதியில நீங்களே எழுதிட்டு மறந்திருப்பீங்களா?"

நான் கோபப்படவில்லை, ஏனென்றால் நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டியவள் நான், எழுதியிருக்கவும் கூடும். ஆனால் தூக்கத்தில் நான் பேசுகிறேன் என்று எனக்கே தெரியாதே. அன்று மாலை கௌரம்மா வந்ததும் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன்.

"ஹௌது, ஆமா அம்மா, சேர்ல கண்ணு மூடினா போதும், வந்துட்டேன் வந்துட்டேன்னு சொல்றீங்க. அய்யா ஒடனே உங்க பக்கம் பாப்பாரு. நான் எதுக்கு சொல்றதுன்னு சும்மா இருந்தேன்."

அவள் போனபிறகு அவரை இடது பக்கமாகப் புரட்டினேன். ஒரு கையைத் தோளுக்கு அடியில் கொடுத்து, இன்னொரு கையை அவர் மூக்கருகில் வைத்தேன். மூச்சு இல்லை. புரட்டி முடித்து, முதுகுக்குத் தலையணை வைத்து, நான் கையை எடுத்தபிறகுதான் புஸ்ஸென்று விட்டார். ஞாயிற்றுக்கிழமை முழுவதும் பார்த்தேன், ஒவ்வொரு தடவையும் அப்படியேதான். ஒரு நாளைக்கு ஆறு முறை, நான்கு வருடம், நான் அதைக் கவனித்ததே இல்லை.

அன்று சபைக்குப் போகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்து அவர் கடிதத்தை அவருக்கே படித்துக் காட்டினேன். "என்னங்க, இது நீங்கதானா? ஆமான்னா என் விரல லேசா அழுத்துங்க" என்றேன். விரலை அவர் இடது கைக்குள் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். ஒன்றும் இல்லை. எப்போதும்போல ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரக்கட்டை என்று சொன்னதற்கு மன்னிப்புக் கேட்டேன். "வேணாம்னு ஒரு சின்ன சைகை காட்டுங்க, வண்டிய வரவேணாம்னு சொல்லிடறேன்" என்றும் கேட்டேன். அவர் காட்டவில்லை. காட்டக்கூடாது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்தேன், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு அலுப்பு.

திங்கட்கிழமை வண்டி வந்தது. இரண்டு ஆட்கள் மேலே வந்து அவரைத் தூக்கி ஸ்ட்ரெச்சரில் வைத்தார்கள். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர்கள் தூக்கும்போது அவர் மூச்சைப் பிடிக்கவில்லை. வாயைத் திறந்து தாராளமாக மூச்சு விட்டுக்கொண்டே போனார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து, எந்தக் குழாயையும் திறக்காமல் அழுதேன்.

இதோடு முடிந்திருந்தால் உங்களுக்கு எழுதியிருக்கவே மாட்டேன். அசதி, தற்செயல் என்று ஏதோ ஒன்றைச் சொல்லி மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

அந்த இல்லத்தில் ஒவ்வொருவர் கட்டிலிலும் ஒரு அட்டை மாட்டியிருக்கும். எத்தனை மணிக்குச் சாப்பாடு, எத்தனை மணிக்குப் புரட்டினார்கள், தூங்கியது எப்போது, விழித்தது எப்போது, எல்லாம் நர்ஸுகள் எழுதிவைப்பார்கள். நான் தினமும் மாலையில் போவேன். பத்து நாள் ஆனதும் பெரிய நர்ஸ் என்னைக் கூப்பிட்டு, "அம்மா, சார் தொந்தரவே கிடையாது. ஆனா ராத்திரி பூரா கண்ணத் தெறந்தே இருக்காரு. மாத்திரை குடுத்தும் கேக்கல. விடிஞ்சாதான் தூங்குறாரு. வீட்லயும் இப்படியா?" என்று கேட்டார்.

வீட்டில் நான் இரவில் சேர்ந்தாற்போல ஒரு மணி நேரம் தூங்கினாலே பெரிது. அவர் போனபிறகுதான் ஒன்பதரைக்குப் படுத்தால் ஐந்தரைக்கு எழுந்திருக்கிறேன். அட்டையைப் பார்த்தேன். ஒன்பதரை முதல் ஐந்தரை வரை விழிப்பு என்று தினமும் எழுதியிருந்தது. அதற்குப் பிறகு தூக்கம், அதுவும் கஞ்சி, குளியல், புரட்டல் என்று எழுப்புகிற நேரம் போகக் கொஞ்சம்தான்.

என்னதான் இருந்தாலும் கணக்கு டீச்சர், சோதித்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு நாள் காலை பத்து மணிக்குப் படுத்தேன், பதினொன்றரைக்கு எழுந்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மாலை போய் அட்டையைப் பார்த்தால் பத்து மணிக்கு விழிப்பு, பதினொன்று நாற்பதுக்குத் தூக்கம். இன்னொரு நாள் இரவு வேண்டுமென்றே இரண்டு மணி வரை உட்கார்ந்து வேதாகமம் படித்தேன். அன்றைக்கு அவர் இரண்டு மணி வரை நன்றாகத் தூங்கினாராம், நர்ஸுக்கு ஒரே சந்தோஷம். மாத்திரை இப்போதுதான் வேலை செய்கிறது என்றார்.

நஸ்ரீனிடம் மட்டும் சொன்னேன். தற்செயலாக இருக்கும் அக்கா என்றாள். இருக்கலாம். ஆனால் போன வாரம் ஒரு நாள் அவரைப் போய்ப் பார்த்தபோது கண்ணைச் சுற்றிக் கருத்திருந்தது, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம்தான், நான்கு வருடம் குளியலறைக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். அவர் தூங்கவேண்டும். ஒருவர் இப்படியே எத்தனை நாள் கண் விழிக்க முடியும் என்று நமக்குத் தெரியாதா?

அதனால் இப்போது நான் மதியத்தில் படுப்பதில்லை, இரவிலும் நான்கு மணி நேரத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். இப்போது மதியம் மணி இரண்டே கால். இந்நேரம் தூங்கிக்கொண்டிருப்பார். சாப்பிட்டதும் எனக்குக் கண் சொக்கிக்கொண்டு வந்தது, அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுதி முடித்துவிட்டேன், இனி அவரைப் பார்க்கக் கிளம்பும் நான்கு மணி வரை என்ன செய்வது என்று தெரியவில்லை.