வாட்சுக்காக வெயில் காட்டிய கை

தொண்ணூறுகளில் ஒரு வருடம், ஆர்.எஸ்.புரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் கைக்கடிகாரக் கண்காட்சி என்று பேப்பரில் விளம்பரம் வந்தது. பெரிய கம்பெனிகளுக்கு இடமில்லையாம். சொந்தமாக வாட்ச் செய்து விற்கும் சின்ன ஆட்கள் மட்டும்தானாம். படித்ததிலிருந்து எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

முதல் வேலையாக, கல்யாணத்துக்கு மாமனார் போட்ட வாட்சைக் கழற்றி பீரோவில் வைத்தேன். புதிதாக வரப்போவதற்குக் கை காலியாக இருக்க வேண்டாமா? ஆனால் பட்டை இருந்த இடம் வெள்ளைவெளேரென்று கிடந்தது. அதன்மேல் எந்த வாட்சைக் கட்டினாலும் எடுபடாது. துடியலூரிலிருந்து கணபதியில் இருந்த என் பட்டறைக்கு ஸ்கூட்டரில் போகும்போதெல்லாம் சட்டைக் கையை மடித்துவிட்டு அந்த இடத்துக்கு வெயில் காட்டினேன்.

"ஏனுங்க, பொண்ணு பாக்கப் போறப்பக்கூட நீங்க இத்தன அலங்காரம் பண்ணலீங்களே" என்றாள் மனைவி. உண்மைதான்.

கண்காட்சியன்று விடிந்ததுமே கிளம்பிவிட்டேன். மண்டபத்து வாசலில் எனக்கு முன்பே ஒரு கூட்டம் இளித்துக்கொண்டு நின்றது. காவல்காரர் கேட்டுக்கு உள்ளிருந்து, "பத்து மணிக்குத்தானுங்க தொறக்கோணும். இப்ப மணி என்னங்க ஆச்சு?" என்றார்.

அத்தனை பேரும் கையைத் திருப்பிப் பார்த்தோம். ஒருவர் கையிலும் வாட்ச் இல்லை. எல்லார் மணிக்கட்டிலும் ஒரு வெள்ளைப் பட்டைதான் இருந்தது.

என்னுடையது மட்டும் நன்றாகக் கறுத்திருந்தது. எல்லாருக்கும் தெரியும்படி கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன்.