சரளா அத்தையின் குரல்

பாண்டி பஜாரில் புடவை பார்த்துக்கொண்டிருந்தேன். கடையின் ஒலிபெருக்கியில் ஓர் இளம் பாப் பாடகியின் குரல். அடுத்த வரியில் கரகரப்பாக, தாளத்துக்குச் சற்றுப் பின்தங்கி, சரளா அத்தை. எண்பது வயதில் அந்தப் பெண்ணோடு சேர்ந்து ஜாஸ் ஆல்பம் போட்டிருக்கிறாள்.

புடவையைப் பிடித்தபடியே நினைவில் சிறுவயது மயிலாப்பூர் வீட்டுக்குப் போய்விட்டேன். சாயங்காலம் ஹோட்டல் பாரில் பாடப்போகும் அத்தை, மதியம் சந்தன சோப்பு மணக்கும் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் ஒளிந்து பாடிப் பார்ப்பாள். ஒருநாள் அவளுடைய அண்ணன், என் பெரியப்பா, அதைக் கேட்டுவிட்டார்.

"குடிக்கிறவாளுக்குப் பாடிண்டு இந்த ஆத்துல இருக்கப்படாது!"

அவளுடைய இசைத்தட்டுகளைத் துவைக்கிற கல்லில் அடித்து உடைத்தார். அத்தை அழவில்லை. ஈரத்தலையோடு பெட்டியைத் தூக்கிக்கொண்டு லஸ் பக்கம் நடந்தாள். யாரும் தடுக்கவில்லை. அப்புறம் வீட்டில் அவள் பெயரைக்கூடச் சொல்லக் கூடாது. வளர்ந்த பிறகு நான் மட்டும்தான் தேடிப் போனேன்.

கைபேசி அடித்தது. பெரியப்பா மகன் ரகு.

"பாட்டு கேட்டியா? நம்மாத்து ரத்தம்டி! சபாவுல பாராட்டு விழா வெச்சுடலாம். முதல் வரிசை முழுக்க நம்ம குடும்பம். அத்தை நம்பர் குடு."

புடவையைக் கீழே வைத்தேன். "எந்தக் குடும்பம்? உன் கல்யாணத்துக்குக்கூட அவளைக் கூப்பிடாத குடும்பமா?"

"அதெல்லாம் பழங்கதை."

"உனக்குப் பழசு, ரகு. அவளுக்கு இல்லை." இணைப்பைத் துண்டித்து அத்தையை அழைத்து, ரகு கேட்டதைச் சொன்னேன்.

"விழாவெல்லாம் வேண்டாம்," என்றாள். "கேக்கணும்னா டிக்கெட் வாங்கிண்டு வரட்டும். ரெக்கார்டிங்ல அந்தப் பொண்ணு காத்துண்டிருக்கா. வெச்சுடறேன்."