மணி அடிக்கும்போது யார் முறை

கொக்கியை எனக்கு முதல் நாளே பிடிக்கவில்லை. ஊசி குத்திய கையை அசைக்காமல் படுத்தபடி, எதிர்க் கட்டிலில் கிடந்த என்னைப் பார்த்து, ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் மனுஷன் கழுத்திலும் எலும்பு ஏழுதான் என்றார். நான் கேட்டேனா? இரண்டு சிறுநீரகமும் கைவிட்டு, ரத்தத்தை மெஷினுக்குள் விட்டுக் கழுவி வாங்க வந்திருக்கிறேன்; இந்த மனிதர் ஒட்டகச்சிவிங்கிக்கு எலும்பு எண்ணுகிறார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்த டயாலிசிஸ் அறையில் மூன்று கட்டில். கதவோரம் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். ஜன்னலோரம் லிஃப்ட் மெக்கானிக்கான கொக்கி. எதிரே தையல்காரியான நான். கையைக் காலை அசைக்க முடியாத அரை நாளைக் கழிக்க அவர்கள் ஒரு ஆட்டம் வைத்திருந்தார்கள். ஒருவர் ஒரு தகவலைச் சொல்லிவிட்டு, யாரையாவது பார்த்துத் தலையை ஆட்டுவார். மாட்டியவர் அதிலிருந்து ஒரு சொல்லைப் பிடித்து, சம்பந்தமே இல்லாத வேறொரு தகவலில் கோக்க வேண்டும். தேனீக்குக் கண் ஐந்து என்றால், கண்ணைப் பிடித்துக்கொண்டு, தீக்கோழியின் கண் அதன் மூளையைவிடப் பெரிது என்று போகலாம். மூளை என்றதும், மூளையைத் தொட்டால் அதற்கு வலிக்காது என்று தாவலாம். எதைக் கொடுத்தாலும் கொக்கி போட்டு இழுத்துவிடுவார் என்பதால்தான் அவருக்கு அந்தப் பெயர்.

புளுகக் கூடாது. சிறுநீரகம் என்ற சொல் வரவே கூடாது. அது யாரும் சொல்லாமலே வந்த சட்டம். யாருடைய மெஷின் முதலில் முடிந்து மணி அடிக்கிறதோ அப்போது ஆட்டம் நிற்கும். அந்த நேரத்தில் யார் முறையோ, அவர் அடுத்த தடவை பதிலோடு வந்தாக வேண்டும்.

நான் வராமல் நின்றுவிடுவது என்று அப்போது முடிவு கட்டியிருந்தேன். மகனும் மருமகளும் மாற்றி மாற்றி லீவு போட்டு, வேலையிடத்தில் திட்டு வாங்கிக்கொண்டு என்னை அழைத்துவருவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தையல் மெஷின்மேல் பழைய புடவையைப் போட்டு மூடியாயிற்று. இதுதான் கடைசி என்று நினைத்து வந்த நாளில், பாலைவனத்தில் ஒரு எலி வாழ்நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் என்று சொல்லி, கொக்கி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நாளுக்கு இவ்வளவுதான் என்று தண்ணீரை அளந்து குடிக்கிறவளிடம் சொல்கிற பேச்சா அது? வயிற்றெரிச்சலோடு வாயைத் திறந்தேன். மணி அடித்துவிட்டது.

வீட்டுக்குப் போயும் அந்த எலி என்னை விடவில்லை. போயும் போயும் அந்த மனிதரிடம் தோற்பதா என்று ஒரே ஆத்திரம். ஒட்டகத்தின் திமிலில் இருப்பது தண்ணீர் இல்லை, கொழுப்பு என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வதற்காகவே அடுத்த தடவை போனேன். அதற்குப் பிறகு போய்க்கொண்டே இருந்தேன்.

வெகுநாள் கழித்துத்தான் கவனித்தேன். முடிகிற நேரம் நெருங்கினால் கொக்கிக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். இழுப்பார், இருமுவார், மறந்துவிட்டது என்பார். கண் மட்டும் மெஷினில் ஓடும் மீதி நேரத்தின்மேல் இருக்கும். வேன்காரருக்கு மனசு விட்டுப்போன வாரங்களில் கடைசி முறை வேன்காரர் தலையில் விழும். எனக்கு விட்டுப்போன வாரங்களில் என் தலையில். பிடித்து உலுக்கிக் கேட்டபோது சிரித்தார்.

"லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க கதவைப் போட்டு அடிப்பாங்க தையலம்மா. நான் மேல போய்க் கையால சுத்தி இறக்கணும். அதுவரைக்கும் அவங்களுக்கு யாரு பேச்சுக் கொடுக்கிறது? அதான் ஒரு சொல்லை உள்ள விட்டுட்டுப் போயிடுவேன். யோசிக்கிறவங்க அலறமாட்டாங்க."

எண்ணெய்க் கையைத் துடைக்கக் கிடைக்கும் பழைய பேப்பரைப் படித்துவிட்டுத்தான் துடைப்பாராம். அவருடைய படிப்பு அவ்வளவும் அதுதான். எல்லாக் கட்டடத்துக்கும் உச்சிவரை போயிருக்கிறார். ஜன்னல் இல்லாத மெஷின் ரூமைத் தவிர அங்கே எதையும் பார்த்ததில்லை என்பார்.

ஒரு மழைக்காலத்தில் அவருடைய கை நரம்பு அடைத்துப்போனது. மறு கையில் வெட்டி, ஊசி போட நரம்பை இணைத்து வைத்தார்கள், அதுவும் நிற்கவில்லை. கழுத்தில் குழாய் போட்டார்கள், அதில் சீழ் பிடித்துக் காய்ச்சலில் கிடந்தார். திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. நான் தைத்திருந்தால் அந்தச் சட்டையை இரண்டாகப் பிரித்திருப்பேன்.

அன்றைக்கு வராந்தாவில் அவர் மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்றோடு டயாலிசிஸ் போதும் என்று கொக்கி அண்ணன் சொல்லிவிட்டாராம். டாக்டரிடமும் பேசிவிட்டாராம். பிள்ளைகள் அழுது பார்த்தும் மசியவில்லையாம். அண்ணி அழவில்லை. அதைப் பார்க்கத்தான் எனக்குப் பயமாக இருந்தது.

விடுவேனா? கடைசி முறை அவர் தலையில் விழ வேண்டும், அவ்வளவுதான். ஆனால் வித்தையைக் கண்டுபிடித்தவரே அவர். நான் தலையை ஆட்டி முடிப்பதற்குள் பதிலைச் சொல்லி வேன்காரரிடம் தள்ளிவிட்டார். விஷயம் தெரியாத வேன்காரர் என்னிடம் தள்ளினார். மெஷினில் மீதி நேரம் கரைந்துகொண்டிருந்தது. வேன்காரர் கடைசியாகத் தந்த தகவலில் எலி இருந்தது. எலி மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

"தண்ணியே குடிக்காத அந்தப் பாலைவன எலி இருக்குதே அண்ணா, அது பிழைச்சுக் கிடக்கிறதுக்குக் காரணம் அதோட சிறுநீரகம்தான்" என்றேன். கொக்கியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

வேன்காரர் முகத்தில் ஈயாடவில்லை. ஊசி எடுக்க வந்த சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார். கொக்கி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மணி அடித்தது.

"ஏமாத்திட்டீங்களே தையலம்மா" என்றார். கோபம் இல்லை. கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது போலிருந்தது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

அடுத்த தடவை ஜன்னலோரக் கட்டிலில் மடித்த விரிப்புதான் இருந்தது. பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி மட்டும் வந்து உட்கார்ந்தார். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்டதற்கு, வலி இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள், தூங்குகிறார் என்றார். அந்த அரை நாள் முழுக்க என் மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் மாறி மாறி வந்தன. வராத ஆளுக்காக இவர் ஏன் இங்கே வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்?

முடிகிற நேரம் வந்தது. அண்ணி எழுந்து என் கட்டிலருகே வந்தார். மனப்பாடம் செய்த பிள்ளை போல நிதானமாகச் சொன்னார்.

"சிறுநீரகம் ஒண்ணை எடுத்துட்டா, மிச்சம் இருக்கிற ஒண்ணு பெரிசாகி ரெண்டோட வேலையையும் பாக்குமாம்."

சொல்லிவிட்டு, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். மணி அடித்தது.

அது கொக்கி சொல்லி அனுப்பிய பதில் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு, பதிலை வீட்டுக்கே வந்து சொல்கிறேன், இன்றைக்கே வருகிறேன் என்றேன். அவர் இல்லை என்று தலையசைத்தார். அப்போதுதான் அவருக்குக் கண் நிறைந்தது.

"வீட்டுக்கு வரக்கூடாதாம். பதிலை இங்க வந்துதான் சொல்லணுமாம்."